2024–25 ஆண்டறிக்கை: காலை நெட்டும் கீழிருந்து வரும் அலைகளும்

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்கள் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தேர்வு எழுதி ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) உரிமம் வாங்கிய புதியவர்களைச் சங்கத்தின் சார்பில் வரவேற்கிறேன். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

ஆண்டின் தொடக்கமே பெரிதாக இருந்தது. 2024 மே 10 இரவு சூரியனால் எழுந்த காந்தப்புயலில், புயலின் கடுமையைக் காட்டும் கேபி குறியீடு உச்ச அளவான 9ஐத் தொட்டது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். அந்த வாரம் நாம் பேசும் அலைவரிசைகளான பேண்டுகள் குழம்பியதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அப்புறம்தான் கேள்வி வந்தது. சூரியன் அமைதியாக இருந்த நாட்களிலும், நாம் காலையில் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் காலை நெட்டில் சிக்னல் மெதுவாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. ஒரு சுற்றுக்குக் கால் மணி, அரை மணி என்று ஆனது. சங்க நிலையத்தின் டைபோல் ஆன்டெனாவை இரண்டு முறை இறக்கி ஏற்றினோம், கேபிளை மாற்றினோம். பலன் இல்லை. தென்காசி உறுப்பினர் தன் லாக்கை, அதாவது நிலையப் பதிவேட்டைக், கொண்டுவந்தபோதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது. அதே நிலையத்தைக் கேட்ட அவருக்கும் அதே ஏற்ற இறக்கம், ஆனால் நேரம் மட்டும் சற்று முன்னால். ஒரு ஆன்டெனாவின் கோளாறு இரண்டு ஊரில் வரிசையாக வராது. மேலே ஏதோ நகர்ந்து போகிறது என்று தோன்றியது.

நகர்வது அலை. ஆஸ்திரேலியாவில் மன்றோ 1940களிலேயே, நம் சிக்னலைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தில் இப்படி ஊர்ந்து செல்லும் குலைவுகளை அளந்திருக்கிறார். அவை வளிமண்டல ஈர்ப்பலைகளின் வேலை என்று 1960இல் கனடாவின் ஹைன்ஸ் விளக்கினார். ஈர்ப்பலை என்றதும் விண்வெளியிலிருந்து வருவதாக லைகோ ஆய்வகம் கண்டுபிடித்ததை நினைக்க வேண்டாம், இது வேறு. இடிமேகமோ, மலைமீது மோதும் காற்றோ ஒரு காற்றுத்திரளை மேலே தள்ளுகிறது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. அது நிலையைத் தாண்டி இறங்கி மறுபடி ஏறுகிறது. இந்த ஊசலாட்டம் பரவுவதுதான் ஈர்ப்பலை.

தரையில் இதை உணரவே முடியாது. ஆனால் மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 100 கிலோமீட்டர் உயரத்தில் அடர்த்தி தரையில் இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அலை தன் ஆற்றலை வழியில் இழக்காவிட்டால், அதன் வீச்சு ஆயிரம் மடங்காக வளர வேண்டும். விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அசைவு அங்கே பத்து மீட்டர் ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்த கூட்டம்தான் எனக்கு இந்த ஆண்டின் சிறந்த கூட்டம்.

அந்த அசைவு அயனி அடுக்கின் அடிப்பரப்பை அலைத்தகடு போல் ஆக்குகிறது. குழிந்த பகுதி நமக்கு மேலே வரும்போது சிக்னல் குவிகிறது. புடைத்த பகுதி வரும்போது சிதறுகிறது. காலை நெட்டில் நாம் கேட்டது இதுவாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு லாக்குகளை வைத்து இதை நிரூபித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஃபிரிசெல் குழுவினர் 2022இல் ஹாம்களின் தானியங்கிப் பதிவுகளைத் திரட்டி, 14 மெகாஹெர்ட்ஸில் ஸ்கிப் தூரம் (மேலே போன சிக்னல் தரைக்குத் திரும்பும் மிகக் குறைந்த தூரம்) மணிக்கணக்கில் அலைவதைக் காட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் இருந்தது நம்மைப் போன்றவர்களின் கருவிகள் தாமாகவே எழுதிவைத்த பதிவுகள்தான்.

2022 ஜனவரி 15ஐ நினைவுபடுத்துகிறேன். டோங்கா எரிமலை நம் நேரப்படி காலை பத்து மணிக்கு முன்னால் வெடித்தது. அதன் அழுத்த அலை விநாடிக்கு 300 மீட்டருக்கு மேலான வேகத்தில் உலகெங்கும் பரவி, அன்றிரவே சென்னையின் அழுத்தமானிகளை அசைத்தது. அதையொட்டி ஆசிய நடுக்கோட்டுப் பகுதியில் பிளாஸ்மா குமிழிகள் (அயனி மண்டலத்தில் மின்துகள்கள் குறைந்த பகுதிகள்) எழுந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 2004 சுனாமியிலும் அப்படித்தான். ஆழ்கடலில் அரை மீட்டர் அளவே உயர்ந்த அலை, மேலே அயனி மண்டலத்தையும் அசைத்தது ஜிபிஎஸ் அளவீடுகளில் தெரிந்தது. அந்த அலை நம் கரையில் என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அன்று அந்தமானில் இருந்த ஹாம்கள்தான் அங்கிருந்து செய்தி அனுப்பினார்கள்.

குமிழி விஷயத்தில் நம் ஊருக்குத் தனி இடம் உண்டு. காந்த நடுக்கோடு, அதாவது புவியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, நமக்கு மிக அருகில் போகிறது. 1963இல் முதல் ராக்கெட் கிளம்பிய, திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். இங்கே சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் மேலடுக்கான எஃப் அடுக்கு வேகமாக மேலே ஏறும். கனத்த திரவம் லேசான திரவத்தின்மேல் நிற்பது போன்ற நிலை அது. ஒரு சிறு அசைவு போதும், அடியிலிருந்து குமிழி பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். அந்த அசைவை ஈர்ப்பலை கொடுக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய இரவுகளில் குரல் படபடவென்று நடுங்குவதைப் பலரும் கேட்டிருப்பீர்கள்.

நமக்கு இது ஏன் முக்கியம்? 2023 டிசம்பரில் நம் தென்மாவட்டங்களில் வந்த வெள்ளத்தில் செல்போன்கள் செத்துக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. சிக்னல் இறங்கும்போது கருவியைப் பிரிக்க ஆரம்பித்தால் நேரம் போய்விடும். சில நிமிடம் பொறுப்பதா, 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குவதா என்று ஆபரேட்டர் அங்கேயே முடிவெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு வேலைகளை முன்வைக்கிறது. முதலாவது, துல்லியமான நேரத்தை ஒலிபரப்பும் சீனாவின் பிபிஎம் நிலையத்தின் 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைத் தொடர்ந்து பதிவு செய்ய ஒரு ரிசீவர். நேர்மேலே போய்த் திரும்பும் அலை என்றால், அடுக்கு விநாடிக்கு 15 மீட்டர் ஏறினாலே அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸ் குறையும். சாய்ந்து வரும் அலையில் இது இன்னும் சிறியது. ஆகவே ஜிபிஎஸ் கடிகாரத்தோடு இணைத்த ரிசீவர் தேவை. இரண்டாவது, திருநெல்வேலி அருகே கிருஷ்ணபுரத்தில் இருக்கும் புவிகாந்த ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவது. 1992 முதல் அங்கே 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் நம் தலைக்கு மேலே 100 கிலோமீட்டர் உயரம் வரை காற்றை அளந்து வந்திருக்கிறது. இத்தனை பக்கத்தில் இருந்தும் நாம் இதுவரை போகாதது எனக்கு வருத்தம்.

காலை நெட்டில் சேரும் ஒவ்வொருவரும் சிக்னல் அளவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தோடு எழுதி, மாதக் கடைசியில் என்னிடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். தென்காசி நண்பருக்கும், இரண்டு முறை மாடி ஏறி டைபோலை இறக்கிய இளைஞர்களுக்கும் நன்றி.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி அவையை வேண்டுகிறேன்.

செயலாளர்