தளர மறுக்கும் இதயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் வலுவிழந்து உடலுக்குத் தேவையான இரத்தத்தை அனுப்பத் திணறும் நிலை, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உப்பைக் குறைப்பது, தினமும் எடை பார்ப்பது, கால் வீக்கத்தைக் கவனிப்பது என்று பயனுள்ள விஷயங்கள் நிறைய இருந்தன. ஆனால் இதயத் தசையில் கால்சியம் குறைந்துவிடுவதால்தான் அது வலுவிழக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரியும் இருந்தது. அதைப் படித்துவிட்டு யாராவது கால்சியம் மாத்திரை வாங்கக் கிளம்பிவிடப் போகிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது என்பது உண்மை. ஆங்கிலேய மருத்துவர் சிட்னி ரிங்கர் 1883ல் லண்டனில் தவளை இதயத்தை வைத்துக் காட்டியதே அதைத்தான். குழாய்த் தண்ணீரில் கலந்த உப்புக் கரைசலில் துடித்த இதயம், காய்ச்சி வடித்த நீரில் கலந்த கரைசலில் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம். ஆனால் நம் இரத்தத்தில் கால்சியத்தின் அளவை உடல் கறாராகக் காத்துக்கொள்கிறது. இதயச் செயலிழப்பில் பொதுவாகக் கோளாறு அங்கே இல்லை, செல்லுக்குள்ளே இருக்கிறது.

ஒரே ஒரு துடிப்பைப் பார்ப்போம். தசை செல் ஓய்வில் இருக்கும்போது அதற்குள் எதனுடனும் பிணையாமல் இருக்கும் கால்சியம், வெளியே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மின் தூண்டல் வந்ததும் செல் சவ்வில் உள்ள வாயில்கள் திறந்து, கொஞ்சம் கால்சியம் உள்ளே வரும். தசை சுருங்க அது போதாது. ஆனால் செல்லுக்குள்ளேயே ஒரு கால்சியம் கிடங்கு உண்டு. அதன் கதவைத் திறக்க அந்தக் கொஞ்சம் போதும். அந்தக் கதவுக்கு ரியனோடின் ஏற்பி என்று பெயர். அது திறந்து கால்சியம் கொட்டியதும் தசை சுருங்குகிறது.

சரி, அப்புறம்? கொட்டியதை எல்லாம் அள்ளினால்தான் தசை தளரும், அறைக்குள் அடுத்த இரத்தம் நிரம்பும். செர்கா என்ற புரதம், செல்லின் எரிபொருளான ஏடிபியின் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு கால்சியம் அயனிகள் என்ற கணக்கில், பெரும்பகுதியைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்புகிறது. மீதியில் அதிகமும் செல் சவ்வில் உள்ள சோடியம்-கால்சியம் பரிமாற்றி என்ற புரதத்தின் வழியாக வெளியேறிவிடுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்தாக வேண்டும். சுருங்குவதற்குத்தான் சக்தி வேண்டும், தளர்வது தானாக நடக்கும் என்று பலரும் நினைக்கிறோம். தளர்வதற்கும் சக்தி செலவாகிறது.

செயலிழந்த இதயத்தில் செர்காவின் வேலை மந்தமாகிவிடுகிறது. ரியனோடின் கதவோ மூட வேண்டிய நேரத்திலும் கசிகிறது. கிடங்கு நிறையாததால் அடுத்த சுருக்கம் வலுவிழக்கிறது. அள்ளி முடியாத கால்சியம் செல்லுக்குள்ளேயே தங்குவதால் தசை தளர மறுக்கிறது. இரத்தம் நிரம்புவதற்கு வேண்டிய அழுத்தம் கூடி, அது நுரையீரல் வரை ஏறி, மூச்சிரைக்கிறது. நல்ல இதயம் வேகமாகத் துடிக்கும்போது கிடங்கில் கால்சியம் சேர்ந்து சுருக்கமும் வலுவாகும். செயலிழந்த இதயத்தில் இது தலைகீழ்: வேகம் கூடக் கூட வலு குறையும். மாடிப்படி ஏறினால் நோயாளிக்கு முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கசிந்த கால்சியத்தைப் பரிமாற்றி வெளியேற்றும்போது ஒரு கால்சியம் அயனிக்கு மூன்று சோடியம் அயனிகள் உள்ளே வருகின்றன. அந்த மின்னோட்டமே அகாலத்தில் ஒரு துடிப்பைக் கிளப்பிவிடலாம். ஆபத்தான சீரற்ற துடிப்புகளில் சில இப்படித் தொடங்குபவை.

கட்டுரையாளர் சொன்னதுபோல வெறும் கால்சியம் பற்றாக்குறை என்றால், செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டும் மருந்தே வைத்தியமாக இருந்திருக்கும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். அந்த வகை மருந்தான மில்ரினோனை நீண்டகாலம் மாத்திரையாகக் கொடுத்த ஆய்வில் இறப்புதான் கூடியது. முடிவு 1991ல் வெளியானது. மாறாக, இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்கள் உயிர் காத்தன. 1999ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் அந்த வகையைச் சேர்ந்த பைசோப்ரோலால் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. இந்த மருந்துகளால் அட்ரினலின் வகைச் சுரப்புகளின் ஓயாத விரட்டல் குறைந்ததும், மாதக் கணக்கில் தசை மெல்லத் தேறுகிறது. இது புரியாமல், இதயத்தை மட்டுப்படுத்தும் மாத்திரை எதற்கு என்று தாங்களாகவே நிறுத்திவிடும் நோயாளிகள் உண்டு. திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கட்டுரை இதைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

செர்கா மரபணுவையே வைரஸ் மூலம் இதயத்துக்குள் அனுப்பியும் பார்த்தார்கள். 250 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2016ல் வெளியானபோது, பலன் இல்லை என்று தெரிந்தது. மரபணு போதுமான செல்களைச் சென்று சேரவில்லை என்பது ஒரு விளக்கம்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். கால்சியம்தான் தொல்லை என்றால் அதைத் தடுக்கும் மருந்து நல்லதுதானே என்று கேட்பவர்கள் வருவார்கள். அந்த வகையைச் சேர்ந்த, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வெரப்பமில், டில்டியாசெம் இரண்டும் சுருங்கும் வலு குறைந்த இதயத்தை மேலும் வலுவிழக்கச் செய்துவிடக்கூடியவை. மருந்துச் சீட்டில் இவற்றில் ஒன்று இருந்தால், தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியை ஒருவர்