முதல் எபிசோடு பார்த்தாயிற்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். போனில் பேச ஆரம்பித்தால் குழந்தை வந்து பிடுங்கிக்கொள்கிறது, நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

"முதல் எபிசோடை மட்டும் பார்த்துட்டு எப்படிம்மா நல்லா இல்லைன்னு சொல்றே?" என்று கேட்டாய். ஏன், சொல்லக் கூடாதா? அமெரிக்காவில் பைலட் என்று மாதிரிக்கு ஒரு முதல் எபிசோடை எடுப்பதே அதற்குத்தானே. சேனல்காரருக்குப் போட்டுக் காட்டி, அவர் தலையாட்டினால்தான் மற்ற எபிசோடுகள். ஒன்றைப் பார்த்துவிட்டு அவர் கோடிக்கணக்கில் பணம் போடலாம், நான் ஒரு சாயங்காலத்தைப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாதாக்கும்!

மாப்பிள்ளை டிவியில் குறித்து வைத்துவிட்டுப் போனதில் பாதிக்கு மேல் பார்த்தாயிற்று. சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடவில்லை. அப்பா ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நான் "நிறுத்துங்க" என்றதும் நிறுத்துகிறார். நிறுத்தின இடத்தில் அந்த நடிகை பாவம் வாயைக் கோணிக்கொண்டு நிற்பாள்.

விற்பதற்கென்று எடுத்தது என்பது பலவற்றில் முதல் கால் மணியிலேயே தெரிந்துவிடுகிறது. ஜவுளிக் கடையில் கேட்காத புடவையை எல்லாம் பிரித்துப் போடுகிற மாதிரி, பத்துப் பேர் வருகிறார்கள், ஆளுக்கு ஒரு ரகசியம், கடைசி நிமிஷத்தில் ஓர் அலறல். ரகசியத்துக்கு விடை எடுத்தவருக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

கொலம்போ என்கிற அமெரிக்கத் துப்பறியும் தொடர் பிடித்தது. 1968இல் வந்த முதல் பைலட், மேடை நாடகமாக இருந்ததை டிவிக்கு எடுத்தது. கொலைகாரர் மனநல டாக்டர். மனைவியைக் கொன்றுவிட்டு, காதலிக்கு மனைவி வேஷம் போட்டு விமானத்தில் ஏற்றி, சண்டை போட்டு இறங்கிப் போகிற மாதிரி ஒரு நாடகம். இதெல்லாம் நம் கண் முன்னாலேயே நடக்கிறது. கதாநாயகன் தலைகாட்டுவதே சுமார் அரை மணி நேரம் கழித்து, அதுவும் கசங்கின மழைக்கோட்டோடு! நம் ஊர்த் தயாரிப்பாளர் விடுவாரா? இதைப் பார்த்த பிறகும் சேனல்காரர் திருப்தி இல்லாமல் இரண்டாவதாக ஒரு பைலட் எடுக்கச் சொல்லி, 1971இல்தான் தொடராக வந்ததாம். யார் செய்தார் என்பதை மறைக்கவில்லை, எப்படி மாட்டுவார் என்பதுதான் கதை. அதுவும் அன்றைக்கே முடிந்துவிடுகிறது. மனசு நிறைந்து எழுந்து போய்ப் படுக்கலாம்.

ட்வின் பீக்ஸ் (1990) வேறு மாதிரி. அதுவும் அமெரிக்கத் தொடர்தான், ஒரு பெண்ணின் கொலையில் ஆரம்பிக்கிறது. செத்துப்போன பெண்ணின் அம்மா, மகளைக் காணோம் என்று கணவருக்குப் போன் பண்ணுகிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் அதிகாரி அவரிடம் வந்து நிற்கிறார். அவர் கையிலிருந்து போன் நழுவுகிறது. கேமரா அந்தச் சுருள் வயரைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறது, தொங்குகிற ரிசீவருக்குள்ளிருந்து அந்த அம்மா கதறுகிறாள். அப்பாவை நான் நிறுத்தச் சொல்லவில்லை, சப்டைட்டிலும் தேவைப்படவில்லை. அந்த ஒரு காட்சிக்காகவே மொத்தத்தையும் மன்னிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் வெளிநாட்டில் தனிப் படமாக விற்பதற்காக அதே பைலட்டுக்கு ஒரு முடிவைத் தனியாக எடுத்து ஒட்டினார்களாமே, மாப்பிள்ளை சொன்னார். முடிவை அப்படி ஒட்டலாம் என்றால் கதை எதற்கு?

இதனால்தான் 'அந்த நாள்' பார் என்று உன்னை நச்சரிக்கிறேன். 1954 படம், ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. ஒரு பாட்டுகூடக் கிடையாது. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943ஆம் வருஷத்துக் கதை. ஆரம்பத்திலேயே சிவாஜி குண்டடி பட்டுச் சாய்கிறார். அப்புறம் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லச் சொல்ல, செத்தவர் யார் என்பதே மாறிக்கொண்டு போகிறது. அந்தத் துப்பாக்கிச் சத்தம் நம்மை உட்காரவைக்க மட்டும் இல்லை, பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. யார் சுட்டது என்று எழுத மாட்டேன்.

'உதிரிப்பூக்கள்' (1979) பைலட் பரீட்சையில் நிச்சயம் ஃபெயில். மகேந்திரன் அவசரமே படமாட்டார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை வைத்து எடுத்தது. புதுமைப்பித்தன் பிறந்தது நம் திருப்பாதிரிப்புலியூர்தானே, அதனால் அப்பாவுக்கு அந்தப் படத்தின்மேல் ஒரு கண். ஊரே சேர்ந்து, கொடுமைக்காரக் கணவனாக வருகிற விஜயனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிற கடைசிக் காட்சிக்கு, முன்னால் போன ஒவ்வொரு மெதுவான நிமிஷமும் வேண்டியிருக்கிறது. பழைய படத்துக்கு அரை மணி நேரம் பொறுப்பேன், பைலட்டுக்குப் பொறுக்க மாட்டேன். பாரபட்சம் என்றால் பாரபட்சம்தான். படம் முடிந்து பெட்டிக்குள் போன சரக்கு. பைலட் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

நம் சீரியல்களைப் பற்றி எழுதவில்லை, உனக்கே தெரியும். 1997இல் வந்த 'விடாது கருப்பு' மட்டும் இன்னும் நிற்கிறது. அதை எழுதின இந்திரா சௌந்தர்ராஜன், எங்கே முடிப்பது என்று தெரிந்துகொண்டுதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

பழைய படம் பார்க்கும்போது ஒன்று கவனி. அகலத் திரைக்கு இழுத்துப் போட்டுவிடுகிறார்கள், பண்டரிபாய் முகம் பூசணிக்காய் ஆகிவிடுகிறது. சில சமயம் மேலும் கீழும் வெட்டி, சிவாஜிக்கு நெற்றியே இல்லை. ரிமோட்டில் பிக்சர் சைஸ் என்று இருக்கும், அதில் 4:3 வை. இழுத்திருந்தால் சரியாகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும், இருக்கட்டும். வெட்டியே போட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, வேறு பிரதி தேடு.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை தூங்கின பிறகு 'அந்த நாள்' போடு. மாப்பிள்ளையும் உட்காரட்டும். கொலம்போவின் 1971 பைலட் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டுச் சொல், அப்பா தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்காமல் ரிமோட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா
கடலூர்