கிளிஞ்சல் பொறுக்கக் கிளம்பும் முன்: சுற்றுச்சூழல் மன்ற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ராமேஸ்வரம், மண்டபம், தூத்துக்குடிக் கரைகளுக்குப் பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள், மகிழ்ச்சி. திரும்பும்போது ஆளுக்கொரு பை நிறையச் சங்கும் சோழியும் போவதுதான் மனதை உறுத்துகிறது. மூன்றாம் நாள் அந்தப் பை நாறினால், உள்ளே உயிர் இருந்திருக்கிறது என்று பொருள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும். வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கரைவலைக்காரர்களைக் கேட்டுவிட்டு வாருங்கள். ராமேஸ்வரம் தீவில் தென்மேற்குக் காற்றுக்கு மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், வாடைக்குப் பாக் நீரிணைப் பக்கம். அலை அடித்து ஓய்ந்த கரையில்தான் கிளிஞ்சல் ஒதுங்கும்.

எடுத்ததும் சங்கின் வாயைப் பாருங்கள். நகம் போன்ற பழுப்பு மூடி இறுக அடைத்திருந்தால் உள்ளிருக்கும் சங்குப்பூச்சி உயிரோடிருக்கிறது. சோழிக்கு மூடியே கிடையாது. பல்வரிசைப் பிளவுக்குள் சதை தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சந்தேகமானால் அகலத் தட்டில் கடல்நீர் ஊற்றி, நிழலில் பத்து நிமிடம் வையுங்கள். துறவி நண்டு குடியிருந்தால் கால் நீட்டும். எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இந்த நண்டு வளர வளரப் பெரிய சங்காகத் தேடி மாறும். அதனால் முழுசாக, காலியாகக் கிடக்கும் பெரிய சங்குகளை அதற்கென விட்டு வைப்பது நல்லது.

கூம்புச் சங்கைப் பிள்ளைகள் தொடவே கூடாது, சட்டைப் பையில் போடவும் கூடாது. குறுகிய முனையிலிருந்து நஞ்சூசி பாய்ச்சும். சில வகைகளின் நஞ்சு ஆளைக் கொல்லும், முறிமருந்தும் இல்லை.

பவளப்பாறைத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை, ஐவிரல் சங்கு ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் வருபவை. செத்து ஒதுங்கியது என்று எடுத்தாலும் குற்றம்தான்.

அப்படியானால் எதை எடுப்பது? தேய்ந்த ஒற்றை மட்டிச் சிப்பிகளை. சிலவற்றில் கீல் அருகே, கடைந்தெடுத்தது போல விளிம்பு சரிந்த வட்டத் துளை இருக்கும். நிலவுச் சங்கு என்னும் கடல் நத்தை துளைத்து உள்ளிருந்த மட்டியைத் தின்ற அடையாளம் அது. ஒரு பாடவேளை முழுக்கப் பேச அந்த ஒரு சிப்பி போதும்.

நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி, பழைய பல் துலக்கியால் தேயுங்கள். எலுமிச்சை, வினிகர், கழிப்பறை அமிலம் எதுவும் வேண்டாம். ஓடு சுண்ணாம்புதான், அமிலம் பட்டால் கரையும், பளபளப்பு திரும்ப வராது. மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் வைத்தால், அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி நம் ஊர் ஈரக்காற்றோடு சேர்ந்து ஓட்டின்மேல் வெள்ளைப் பொடி பூக்கவைக்கும். கண்ணாடிக் குப்பியே சரி.

ஆளுக்குப் பத்து வகை என்று கேட்காதீர்கள். வகுப்புக்கு ஒரு தொகுப்பு வையுங்கள். இடம், தேதி, மணலா பாறையா, எடுத்தவர் பெயர், இவற்றைத் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.

அன்புடன்,
மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து