எலிக்கதை சொன்ன பாவம்

அன்புள்ள கோமதி,

ஆறு மாதமாக எழுதவில்லை, திட்டித் தீர்த்துக்கொள். என் முட்டிவலியும் அவர் சர்க்கரையும் அப்படியேதான். இது பாவமன்னிப்புக் கடிதம்.

அக்கா மகள் கவிக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்திருக்கும். பார்க்கப் போனவள் சும்மா இருந்தேனா? முப்பது வருஷம் விலங்கியல் எடுத்த வாய். பிட்னர் என்ற விஞ்ஞானியின் எலிக்கதையை அவிழ்த்துவிட்டேன். 1936, அமெரிக்காவில் பார் ஹார்பர். மார்புப் புற்று வழிவழியாக வரும் எலிகளின் குட்டிகளை, பிறந்த கையோடு புற்று வராத தாயெலியிடம் பால் குடிக்க விட்டார். வளர்ந்த பிறகு பெரும்பாலான குட்டிகளுக்குக் கட்டியே இல்லை. திருடன் பாலில் இருந்தான்! மனுஷர் வைரஸ் என்று சொல்லத் தயங்கிப் 'பால் காரணி' என்றார். வைரஸ்தான் என்பது அப்புறம் உறுதியானது. கடைசி பெஞ்சே நிமிர்ந்து உட்காரும் கதை, உனக்குத் தெரியாததா.

கவி நிமிரவில்லை. அக்கா எதில் போனாள் என்பதே அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லையடி. அந்த அக்காவிடம் பால் குடித்து வளர்ந்தவள்தானே இவள்.

மறுநாளிலிருந்து குழந்தைக்குப் பால்பவுடர். நாலாம் நாள் பால் கட்டி, காய்ச்சலோடு இரவு இரண்டு மணிக்கு போன்: "சித்தி, எனக்கும் வந்திருக்குமா?"

சொல்லாமல் விட்ட மீதிக் கதையை அப்போதுதான் சொன்னேன். மனிதரிடமும் தேடினார்கள். 1971இல் பம்பாய்ப் பார்சிப் பெண்களின் பாலைக்கூட எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, எலி வைரஸ் போன்ற துகள்கள் தெரிகின்றன என்றார்கள். அது நிலைக்கவில்லை. 1995இல் நியூயார்க்கில் 314 கட்டிகளைச் சோதித்ததில் 121இல் அந்த வைரஸின் மரபணுவை ஒத்த துணுக்கு கிடைத்தது. எலி டி.என்.ஏ.தான் சோதனையில் கலந்துவிட்டதோ என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. (நம் வெள்ளெலி மேஜை டிராயரில் புகுந்ததை நினைத்தால் நான் கலப்படக் கட்சிதான்.) தாய்ப்பால் வழியே மகளுக்குப் புற்று போகும் என்று மட்டும் யாரும் நிரூபிக்கவில்லை. 2002இல் 30 நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாய்க்கு ஆபத்து 4.3 சதவீதம் குறைவதாகத்தான் தெரிந்தது. பரம்பரை பயத்துக்கு மரபணுச் சோதனை இருக்கிறது, நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் குழந்தை சப்பும் சத்தம் போனில் கேட்டது.

அவள் மாமியார் இப்போது என்னைக் கண்டாலே, "இன்னும் எலிக்கதை ஏதாவது இருக்கா?" என்கிறார். பெயர் சூட்டு விழா 12ஆம் தேதி. கட்டாயம் வா. என் பக்கத்திலேயே உட்கார். வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளு.

உன்,
சரசு