சித்திரை லீவுக்கு அவனை அனுப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மேலவீட்டுப் பெரியம்மை பேத்திக்கு வைகாசியில் கல்யாணம், பத்திரிகை உனக்கும் வரும்.

சின்னவன் கண்ணாடி போட்ட படம் வந்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஏழு வயசுக்குக் கண்ணாடியா? கண்புரை காட்டப் போன இடத்தில் டாக்டரம்மாவிடமே கேட்டேன். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைச்சலாம். தைவானில் 2010-இலிருந்தே பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 2 மணி நேரம் வெளியே இருக்க வைக்கப் பார்க்கிறார்களாம். சரி, வந்த கண்ணாடி வந்ததுதான். இனியாவது அவனை வெளியே விடு.

உங்கள் பிளாட்டில் கீழே விளையாட இடம் இருக்கிறது, தரைக்கு ரப்பர் போட்டிருக்கிறார்கள், வாட்ச்மேன் நிற்கிறார். அங்கேயும் நீ பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "ஓடாத, விழுந்துருவ" என்கிறாய். நான் வந்திருந்தபோது பார்த்தேன், சறுக்கில் ஒவ்வொரு படி ஏறும்போதும் பிள்ளை திரும்பி உன் முகத்தைப் பார்க்கிறான்.

நீ அப்படியா வளர்ந்தாய்? ஆற்று மண்டபத்து மேலிருந்து பையன்களுக்கு முன்னால் குதித்தவள் நீ. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமைதான். என் பழைய நூல் சேலையை உன் இடுப்பில் சுற்றி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் நிற்பேன். முங்கினால் இழுப்பேன், மிதந்தால் கொஞ்சம் விடுவேன். ஒருநாள் சேலை இழுபடாமல் தொளதொளவென்று தண்ணீரில் கிடக்கிறது, நீ முடிச்சை அவிழ்த்துவிட்டு எட்ட நின்று சிரிக்கிறாய். ஆறு வயசு தாண்டிய பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது என்று பேப்பரில் படித்தேன். உன் பிள்ளைக்கு ஏழு முடியப்போகிறது.

பயப்படாதே என்று சொல்லவில்லை. எனக்கும் பயம் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் தாமிரபரணி பழையபடி இல்லை. மணல் அள்ளின பள்ளங்கள் வேறு. அதனால் போன வாரம் உன் அண்ணன் மூங்கில் கம்பை ஊன்றி ஊன்றி நம் துறை முழுக்க நடந்து பார்த்தான். மூன்றாம் படிக்குக் கீழே பாசி வழுக்குகிறது. பாறைக்குக் கிழக்கே கசம், கம்பு முட்டவே இல்லை. அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. மற்ற இடமெல்லாம் இடுப்பளவுதான். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் அன்றைக்கு ஆற்றுப் பக்கமே வேண்டாம், வீட்டு வாசலில் பம்பரம் விடட்டும். 2019 தீபாவளி சமயம் மணப்பாறைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காக ஊரே டிவி முன்னால் அழுததே, அந்தக் குழந்தை மேல் என்ன தப்பு? குழியைத் திறந்து போட்டது பெரியவர்கள். மூட வேண்டியது குழியைத்தானே, பிள்ளையை இல்லையே.

கொய்யா மரத்திலிருந்து அவன் விழுந்ததைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு லீவு போய்விட்டது. ஒரு வருஷம் கேம்ப் என்றாய், மறு வருஷம் பெயிண்டிங் வகுப்பு என்றாய். கட்டுப் பிரித்த அன்றைக்கு அவன் போனில் என்னிடம் முதலில் கேட்டது, "ஆச்சி, மரத்துல பழம் இருக்கா?" நான் பதில் சொல்வதற்குள் நீ போனை வாங்கிவிட்டாய். அவன் கை கூடிவிட்டது தாயி. உனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ஆறாதுதான், பெற்றவள் நீ. மரத்தை வெட்டிவிடலாமே என்று மாப்பிள்ளை அப்பாவிடம் சொன்னாராம். வெட்டவில்லை. பட்டுப்போன கிளைகளைக் கழித்துவிட்டோம், அடியில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு மண்ணைக் கொத்திப் போட்டிருக்கிறோம். எந்தக் கொப்பு தாங்கும், எது தாங்காது என்று அவனுக்கு நானே காட்டிக்கொடுக்கிறேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போட்டால்தான் கிடைக்கும். உன்னால் வர முடியாவிட்டால் மாமன் வந்து கூட்டிக்கொண்டு வருவான். நீயும் வந்தால் ரொம்ப நல்லது. மாப்பிள்ளையிடம் நான் பேச வேண்டுமென்றால் சொல், பேசுகிறேன். வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அம்மா