மிகுபுனைவு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கற்பனை உலகங்களைப் படைக்கும் எழுத்தாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கதைகளில் வரும் நெருப்பு கக்கிப் பறக்கும் நாகங்களையும் (டிராகன்களையும்) இரட்டைத்தலைச் சிங்கங்களையும் ஆசையாகத் தேடிப் படிக்கிறவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். முதலில் அந்த விலங்குக்கு உயிர் கொடுங்கள். அதைப் பற்றிய தொன்மத்தை அப்புறம் எழுதுங்கள்.

எடையையே எடுத்துக்கொள்வோம். ஓர் உடலை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிவிடும். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்குதான் கூடும். பறந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றான கெட்சால்கோட்லஸ் இறக்கை விரித்தால் சுமார் 10 மீட்டர் இருந்தது. எடை கால் டன் இருந்திருக்கலாம். யானை கனத்தில் ஒரு நாகத்தைப் பறக்கவிடுகிறீர்களா? சரி, அந்த உலகில் ஈர்ப்பு குறைவு என்றோ காற்றின் அடர்த்தி அதிகம் என்றோ எங்காவது தெரிய வேண்டும்.

பறவைக்கும் வௌவாலுக்கும் முன்னங்கால்தான் இறக்கையாக மாறியது. நான்கு காலும் வேண்டும், இறக்கையும் வேண்டும் என்றால் பறக்கும் ஓணானைப் பாருங்கள். நீண்ட விலா எலும்புகள் மீது தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் போகிறது, நாலு காலும் அப்படியே இருக்கின்றன! நெருப்புக்கும் வழி உண்டு. பொம்பார்டியர் வண்டு இரண்டு வேதிப்பொருள்களை உடலுக்குள் கலந்து, கொதிக்கும் திரவமாகப் பீய்ச்சுகிறது.

இனி தொன்மம். ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கிய நாகச் சிலையின் தலைக்கு மாதிரியாக இருந்தது, அப்பகுதியில் கிடைத்த ஒரு மண்டையோடு. உண்மையில் அது பனியுகத்தில் வாழ்ந்த கம்பளிக் காண்டாமிருகத்தினுடையது. அதை நாகத்தின் மண்டையோடு என்று அந்த மக்கள் சொன்னது தவறுதான், ஆனால் கையில் கிடைத்த எலும்பை வைத்துச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இந்த மாதிரித் தவறுகள்தான்.

உங்கள் விலங்கு குளிர்காலம் முழுக்கக் குகையில் உறங்குகிறது என்று வையுங்கள். மலையடிவாரத்து இடையர்கள் அதன் பசியை அறிவார்கள். வசந்தம் பிறந்ததும் குகை வாசலில் ஓர் ஆட்டைக் கட்டிவிட்டு வருவார்கள். அதையே அரண்மனைப் புலவன் சாபம் என்பான், தலையையும் மூன்றாக்குவான். இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே கதையை ஒரே மாதிரி சொன்னால் எனக்கு அங்கேயே நம்பிக்கை போய்விடுகிறது.

அடுத்த நாவலைத் தொடங்கும் முன், அந்த விலங்கு என்ன தின்கிறது, குட்டியை எங்கே வளர்க்கிறது, மனிதர்கள் அதை எந்தத் தூரத்திலிருந்து பார்த்தார்கள் என்று முடிவுசெய்துவிடுங்கள். கதையில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் வாசகன்