சிறுபோகத் தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

காலநிலை மாற்றம் பற்றி வன்னியில் நடக்கும் கூட்டங்கள் மரநடுகையில் தொடங்கிப் பொலித்தீனில் முடிந்துவிடுகின்றன. மரம் நடுவது நல்லதுதான். ஆனால் பெரிய தொழிற்சாலைகள் இல்லாத இந்த மண்ணில் பச்சைவீட்டு வாயு எழும் முக்கியமான இடம், நாம் தினமும் வரம்பில் நின்று பார்க்கும் வயல் தண்ணீர். அதைப் பற்றிக் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை.

தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றுக்குள் ஒட்சிசன் இறங்காது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே கிடக்கும் அடித்தாளையும் வைக்கோலையும் உக்கவைத்து மெதேனை உண்டாக்குகின்றன. அந்த மெதேனின் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது ஏறத்தாழ 80 கிலோ. ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2019 இல் தெற்காசியாவுக்குத் தந்த சராசரியை எடுத்துக்கொண்டால், மூன்றரை மாதம் தண்ணீர் வற்றாமல் நிற்கும் ஓர் ஏக்கர் வயல் ஒரு போகத்தில் 36 கிலோ அளவில் மெதேனை விடும். ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு. 360 லீற்றர் டீசல் எரித்தால் வரும் புகைக்கு அது ஈடு. இரணைமடுவின் கீழ் மட்டும் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது.

வயலை இடையிடையே காயவிட்டால் இது ஏறக்குறைய பாதியாகக் குறையும். நெல்லுக்கு 100 நாளும் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற அவசியமில்லை. வேர் மட்டத்தில் ஈரம் இருந்தால் போதும். அந்த ஈரத்தைக் கண்ணால் பார்க்க, துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் இறக்கி வைக்கலாம்.

4 அங்குல பிவிசி பைப்பில் 30 சென்ரிமீற்றர் நீளத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். அதன் கீழ் 20 சென்ரிமீற்றரில், 2 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் சுற்றிவர 5 மில்லிமீற்றர் துளைகள் போடுங்கள். துளையுள்ள பகுதி முழுவதும் சேற்றுக்குள் போக, மேலே 10 சென்ரிமீற்றர் தெரியும்படி இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணைக் கையால் அள்ளி எடுத்துவிட வேண்டும். பைப் இதைவிட ஒடுங்கினால் கை நுழையாது. தண்ணீர் நிற்கும்போது குழாய்க்கு உள்ளும் வெளியும் ஒரே மட்டம் இருக்கவேண்டும். இல்லையென்றால் துளைகளைச் சேறு அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவித் திரும்ப இறக்குங்கள். வரம்பிலிருந்து எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்தில், வயலின் மேட்டிலும் இல்லாமல் பள்ளத்திலும் இல்லாமல் இருக்கட்டும். ஒரு தடியை விட்டுப் பார்க்கையில் குழாய் வாயிலிருந்து 25 சென்ரிமீற்றர் கீழே தண்ணீர் தட்டுப்பட்டால், அது மண் மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே நிற்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் விடவேண்டும். மண்ணைப் பொறுத்தும் சோளகக் காற்றைப் பொறுத்தும் தண்ணீர் மறைந்த பிறகு ஒரே நாளிலும் இந்த அளவு வரலாம், பத்து நாளும் எடுக்கலாம்.

முதல் மூன்று கிழமைக்கு இந்த முறை வேண்டாம். அந்த நாட்களில் வயலைக் காயவிட்டால் நெற்சப்பி, கோரை போன்ற களைகள் நெல்லை முந்திவிடும். பூக்கும் காலத்துக்கு ஒரு கிழமை முன்னும் ஒரு கிழமை பின்னும் தண்ணீர் கட்டாயம் நிற்க வேண்டும்; அந்த நேரத்தில் காய்ந்தால் சப்பி நெல்தான் மிஞ்சும். பலகை அடிப்பு ஒழுங்கில்லாத வயலில் மேட்டுப்பக்கம் வாடும்போது பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், குழாய் எதைக் காட்டினாலும் பயனில்லை. ஆகவே மட்டப்படுத்தல்தான் முதல் வேலை. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண்ணில் 15 வரை காத்திருக்க வேண்டாம்: வெடிப்பு ஆழமாக ஓடிவிட்டால் அடுத்த தண்ணீர் முழுவதும் அதற்குள் போய்விடும். 10 சென்ரிமீற்றரில் திறந்துவிடுங்கள். கடல்நீரேரியை ஒட்டி உவர் ஏறும் நிலங்களில் இந்த முறையே வேண்டாம், காய்ச்சல் உப்பை மேலே இழுக்கும்.

யூரியாவில் கவனம் தேவை. மண் காய்ந்தும் நனைந்தும் வரும்போது நைதரசன் நைதரசு ஒட்சைட்டாக மாறிப் பறக்கும். அது காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வலிய வாயு. கவனமில்லாமல் உரம் போட்டால் மெதேனில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இதில் போய்விடும். நிற்கும் தண்ணீரில் யூரியா எறிந்து, பின் வயலைக் காயவிடுவதுதான் பெரிய பிழை. தண்ணீர் முறை வரும் நாளன்று, காய்ந்த மண்ணில் எறிந்து உடனே பாய்ச்சினால் உரம் தண்ணீரோடு வேருக்கு இறங்கும்.

இவை எல்லாம் தெரிந்திருந்தும் கமக்காரர் ஏன் செய்வதில்லை? நாளைக்குத் தண்ணீர் வருமா என்ற பயம். தண்ணீர் முறை தவறும் என்று தெரிந்தவர், கிடைக்கும்போது வரம்பு தெறிக்கக் கட்டி வைக்கத்தான் செய்வார். வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கு அந்தப் பயம் இன்னும் கூட. அதில் பிழை சொல்ல முடியாது. எனவே தனி ஆளைக் குறைகூறிப் பயனில்லை, இது துருசில் (குளத்து மதகில்) தொடங்க வேண்டிய வேலை. சிறுபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஏக்கர் அளவும், தண்ணீர் திறக்கும் நாளும், விதைப்பு முடியவேண்டிய நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. அதே கூட்டத்தில் ஒவ்வொரு கிளை வாய்க்காலுக்கும் முறை நாள் எழுதப்பட்டு, வாய்க்கால் தலைப்பில் பலகையில் தொங்க வேண்டும். பூக்கும் கிழமைகளில் மட்டும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். ஒரே கிளை வாய்க்காலின் கீழ் எல்லோரும் ஒரே வயது நெல்லை விதைத்தால்தான் அது சரிவரும்; ஒருவர் மூன்று மாத இனமும் பக்கத்தவர் மூன்றரை மாத இனமும் போட்டால் முறை குழம்பும். 2030 க்குள் வெளியேற்றத்தை, வழமைப்படி போனால் வரக்கூடிய அளவிலிருந்து 14.5 சதவீதம் குறைப்பதாக இலங்கை 2021 இல் ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல சேவை நிலையங்களும் கமக்கார அமைப்புகளும் அடுத்த சிறுபோகத்தில் குளத்துக்கு ஒரு கிளை வாய்க்காலிலாவது இதைச் செய்து பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை எங்கும் இதைத் தொடங்கலாம்.

மிச்சமாகும் தண்ணீர் நல்ல வயலில் 30 சதவீதம் வரை போகும். அந்தத் தண்ணீரில் மேலும் நெல் விதைத்தால் குறைத்த மெதேனில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். பயறு, உழுந்து, கௌபி, நிலக்கடலைக்கு விடுவது நல்லது. சிறுபோகத்தில் விதைக்க ஏக்கர் கிடைக்காமல் நிற்பவர்களுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும்.

கடைசியாக வைக்கோல். ஏக்கருக்கு 2 தொன் நெல் வெட்டினால் ஏறத்தாழ அதேயளவு வைக்கோல் வயலில் கிடக்கும். எரித்தால் அதிலுள்ள நைதரசன் ஏறத்தாழ முழுவதும் போகிறது, அரை அந்தர் (ஏறத்தாழ 25 கிலோ) யூரியாவுக்குச் சமம். 2021 இல் யூரியாவுக்கு அலைந்த கமக்காரருக்கு அதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. அதற்காக, விதைப்புக்குச் சற்று முன் ஈரச் சேற்றில் அமிழ்த்துவதும் சரியில்லை. அதுதான் மெதேனுக்கு நல்ல தீனி. 30 நாளுக்கு முன்பே உழுதுவிட்ட வைக்கோல் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே மெதேனைத் தரும். அறுவடை இயந்திரம் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போவதை முள்ளுக் கரண்டியால் பரப்பி, மண்ணில் ஈரம் இருக்கும்போதே றொட்டவேற்றர் போட்டுவிட வேண்டும். காலபோக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையில் அதற்கு நாள் இருக்கிறது. பரப்பாத வைக்கோல் றொட்டவேற்றரில் சுற்றி இழுபடுவதால்தான் பலர் நெருப்பு வைக்கிறார்கள். ஆகவே அறுவடை இயந்திரத்துக்குக் கூலி பேசும்போதே வைக்கோலை நறுக்கிப் பரப்பும் இயந்திரம் கேட்டு, கமக்கார அமைப்பாகச் சேர்ந்து பிடியுங்கள்.

இப்படிக்கு,
நெற்செய்கையிலும் நீர்ப்பாசனத்திலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
கிளிநொச்சி.